பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் ஒரு குற்றம், விலை 200 ரூபாய்!

தோழர்களே, முதலில் ஒரு சின்னக் கணக்கு.

ஹெல்மெட் போடாமல் பைக்கில் போனால் தமிழ்நாட்டில் அபராதம் 1,000 ரூபாய். தடை செய்யப்பட்ட குட்காவை விற்று மாட்டினால், உணவுப் பாதுகாப்புத் துறை முதல் முறைக்கே 25,000 ரூபாய் அபராதம் போட்டு கடைக்கு சீல் வைக்கிறது. ஆனால் யூனிஃபார்மோடு வந்து நிற்கிற ஏழாம் வகுப்புப் பையன் கையில் ஒரு சிகரெட்டை எடுத்துக் கொடுத்தால்? கோட்பா சட்டப்படி 200 ரூபாய். அதுவும் "அதிகபட்சம்" 200 ரூபாய்!

2003இல் நாடாளுமன்றத்தில் போட்ட சட்டம் அது. அதற்குப் பிறகு பால் விலை ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது, சிகரெட் விலையே பல மடங்கு ஏறியது. இந்த 200 மட்டும் இருபது வருஷத்துக்கு மேலாக அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பெட்டிக்கடைக்காரருக்கு இது அபராதமே இல்லை, வாடகை மாதிரி ஒரு செலவு. மாதம் ஒரு தடவை யாராவது வந்து ரசீது கிழித்துவிட்டுப் போனால், மறுநாள் காலை எட்டரை மணிக்கு அதே பையன், அதே கடை, அதே சில்லறை.

பள்ளி திறக்கிற நேரம் இது. நோட்டு, பை, ஷூ என்று அம்மா அப்பாக்கள் கடன் வாங்கி அலைகிற நேரம். இந்த நேரத்தில் நம் பக்கத்தில் இதைப் பேசியே ஆகணும்.

சட்டம் என்ன சொல்லுது என்று நம்மில் பல பேருக்கே சரியாகத் தெரியாது. கோட்பா சட்டத்தின் 6ஆவது பிரிவு இரண்டு விஷயம் சொல்கிறது. ஒன்று, 18 வயது நிரம்பாத யாருக்கும் எந்தப் புகையிலைப் பொருளையும் விற்கக் கூடாது. சிகரெட், பீடி, பொடி, வாயில் அடக்குகிற பொட்டலம், எல்லாமே சேர்த்தி. இரண்டு, கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்பனையே கூடாது. பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, அறுபது வயது பெரியவருக்குக்கூட அங்கே விற்கக் கூடாது.

100 கஜம் என்றால் 300 அடி, சுமார் 91 மீட்டர். கடைக்காரரிடம் கேட்டால் "கேட்டிலிருந்து தள்ளித்தானே சார் இருக்கோம்" என்பார். கேட்டிலிருந்து அளக்கச் சொல்லி சட்டத்தில் எங்கேயும் இல்லை! பள்ளியின் சுற்றுச்சுவரோ வேலியோ எங்கே முடிகிறதோ, அங்கிருந்து சுற்றிலும் அளக்க வேண்டும். முன் வாசலுக்கு நேரே கடை இல்லாமல், பின் சுவரை ஒட்டிய சந்தில் டீக்கடை இருக்கிறது பாருங்க, அதுவும் உள்ளேதான் வரும். அந்த எல்லையில் மஞ்சள் கோடு போடச் சொல்லி 2019இல் ஒன்றிய சுகாதாரத் துறை வழிகாட்டுதலே கொடுத்திருக்கிறது. உங்க ஊர்ப் பள்ளியைச் சுற்றி அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்திருக்கீங்களா? பார்த்திருந்தால் கமெண்டில் படத்தைப் போடுங்க, அந்தத் தலைமை ஆசிரியரை நாமே பாராட்டுவோம்.

கடையில் போர்டு வைக்கணும். 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவு. "18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பது தண்டனைக்குரிய குற்றம்" என்று எழுதியிருக்கணும். சில கடைகளில் அந்த போர்டு இருக்கத்தான் செய்கிறது. அதன் மேலே சிப்ஸ் பாக்கெட் சரம் சரமாகத் தொங்கும். கீழே மிட்டாய் ஜாடி. ஜாடிக்குப் பக்கத்தில் சிகரெட் பெட்டி. கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட லைட்டர். பத்து வயசுப் பிள்ளையின் கண் மட்டத்தில் மிட்டாயும் சிகரெட்டும் தோளோடு தோள் நிற்கும். புகை வாசம் வீட்டில் தெரியாமல் இருக்க வாயில் போட்டுக்கொள்ள புதினா மிட்டாயும் அங்கேயே கிடைக்கும். கடைக்காரரே எடுத்துக் கொடுப்பார். எவ்வளவு அக்கறை!

வாங்க வருபவருக்கு 18 வயது ஆகிவிட்டதா என்று உறுதி செய்ய வேண்டியது விற்பவர் பொறுப்பு. சந்தேகம் வந்தால் வயதுச் சான்று கேட்கணும் என்பதுதான் விதி. "பார்த்தா பெரிய பையன் மாதிரி இருந்தான்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பள்ளிச் சீருடையைவிடப் பெரிய வயதுச் சான்று என்ன வேணும்?

இது ஏதோ அங்கொன்றும் இங்கொன்றும் நடப்பது இல்லை. 2019இல் ஒன்றிய சுகாதாரத் துறைக்காக நாடு முழுக்கப் பள்ளிகளில் எடுத்த கணக்கெடுப்பில், 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவத்தில் புகையிலை பயன்படுத்துவது தெரியவந்தது. நூறு பேர் படிக்கிற வகுப்புகளில் எட்டு ஒன்பது பிள்ளைகள். அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது, அதைப் படிக்கும்போதுதான் வயிறு எரியுது. பழகிய பிள்ளைகளில் பாதிப்பேர் சிகரெட்டை பதினொன்றரை வயதுக்குள் தொட்டிருக்கிறார்கள். பீடியைப் பத்தரை வயதுக்குள். வாயில் அடக்கும் புகையிலையைப் பத்து வயது நிறைவதற்கு முன்பே! அதாவது நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு. பெருக்கல் வாய்ப்பாடு மனப்பாடம் பண்ணுகிற வயசு.

எங்கே வாங்கினாய் என்று கேட்டால், சிகரெட் பிடிக்கிற பிள்ளைகளில் 69 சதவீதம் பேர் கடையிலும் பெட்டிக்கடையிலும் தெருவோர வியாபாரியிடமும்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படி வாங்கியவர்களில் 45 சதவீதம் பேரிடம் "உனக்கு வயசு பத்தாது, போ" என்று யாரும் சொல்லவே இல்லை. திருட்டுத்தனமாக, இருட்டில், முகம் தெரியாதவனிடம் வாங்கவில்லை. பட்டப்பகலில், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அண்ணாச்சி கடையில் வாங்கியிருக்கிறார்கள்.

இதில் லூஸ் சிகரெட்டின் பங்கைத் தனியாகச் சொல்லணும். 2016 ஏப்ரலிலிருந்து பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் போடணும் என்பது சட்டம். புண் பிடித்த தொண்டை, அழுகிய வாய், பார்த்தாலே குமட்டும். எத்தனை வருஷம் கோர்ட்டில் போராடி வந்த படம் அது! ஆனால் பத்து பதினைந்து ரூபாயை வைத்துக்கொண்டு வருகிற பிள்ளை பாக்கெட்டைப் பார்ப்பதே இல்லை. ஒன்றே ஒன்று, வெள்ளையாக, சுத்தமாக, படம் இல்லாமல், எச்சரிக்கை இல்லாமல் கையில் வந்து விழுகிறது. லூஸ் விற்பனை இருக்கிறவரை அந்த 85 சதவீதமும் வீண். மகாராஷ்டிரா 2020லேயே லூஸ் சிகரெட், பீடி விற்பனைக்குத் தடை போட்டது. நாம?

"கூல் லிப்" என்ற பெயரைக் கேள்விப்படாத ஆசிரியர் இன்று தமிழ்நாட்டில் இருந்தால் ஆச்சரியம். சின்னப் பஞ்சுப் பொட்டலம் மாதிரி இருக்கும், உதட்டுக்கடியில் வைத்துக்கொண்டால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வாயில் இருப்பதே தெரியாது. புகை இல்லை, நாற்றம் இல்லை. 2024இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே, பள்ளி மாணவர்கள் இதற்கு அடிமையாவது பற்றிக் கவலை தெரிவித்து, நாடு முழுக்க இதை ஏன் தடை செய்யக் கூடாது என்று கேள்வி எழுப்பியது. இங்கே தடை, பக்கத்து மாநிலத்தில் விற்பனை, நடுவில் லாரி என்றால் தடை எப்படி நிற்கும்?

குட்கா தடையின் கதையும் நமக்குத் தெரியும். 2013 மே மாதம் அதிமுக ஆட்சியில் தடை வந்தது. 2016இல் சென்னையில் ஒரு குட்கா கம்பெனியில் வருமான வரிச் சோதனை நடந்தது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதிய குறிப்புகள் கிடைத்ததாகச் செய்தி வந்தது. அமைச்சர், போலீஸ் உயர் அதிகாரிகள் வரை பெயர் அடிபட்டு, 2018இல் உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. நடுவில் 2017 ஜூலையில் திமுக உறுப்பினர்கள் குட்கா பாக்கெட்டை சட்டமன்றத்துக்குள்ளேயே கொண்டுவந்து தூக்கிக் காட்டினார்கள். "பாருங்க, தாராளமாகக் கிடைக்குது" என்றார்கள். உண்மையைத்தான் காட்டினார்கள், அதை மறுக்க மாட்டோம். அவர்கள் மேல் உரிமை மீறல் நோட்டீஸ் பாய்ந்தது. 2021இல் அவர்களே ஆட்சிக்கு வந்தார்கள். தூக்கிக் காட்டிய அந்தப் பாக்கெட் கடைகளை விட்டுப் போய்விட்டதா? நீங்களே உங்க தெருமுனைக் கடைக்குப் போய்ப் பார்த்துச் சொல்லுங்க.

மாநில அரசால் என்ன செய்ய முடியும், இது ஒன்றிய அரசு சட்டமாச்சே என்று சிலர் கமெண்டில் வருவார்கள். முடியும். 2022 அக்டோபரில் இதே கோட்பா சட்டத்துக்கு நம் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்து ஹுக்கா பார்களைத் தடை செய்ததே! நல்ல திருத்தம்தான். மூன்றாண்டு வரை சிறை என்று போட்டார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் போகிற ஹுக்கா பாருக்காகத் திருத்த முடிந்த சட்டத்தை, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நிற்கிற பெட்டிக்கடைக்காக ஏன் திருத்த முடியாது? பக்கத்து கர்நாடகாவில் செய்துவிட்டார்கள். வாங்கும் வயதை 21 ஆக்கி, அபராதத்தை 1,000 ஆக்கி, 2025இல் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கிவிட்டார்கள்.

ஒன்றிய அரசும் யோக்கியம் இல்லை. வயதை 21 ஆக்குகிறோம், லூஸ் விற்பனையை ஒழிக்கிறோம் என்று 2020 டிசம்பர் கடைசியில் ஒரு வரைவு போட்டார்கள், கருத்துக் கேட்டார்கள். கருத்து கேட்டதோடு சரி. அதைவிட மோசமான ஒன்று பலருக்கும் தெரியாமல் நடந்தது, அதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்க.

சிறார் நீதிச் சட்டம் 2015. அதன் 77ஆவது பிரிவு, ஒரு குழந்தைக்கு மதுவோ போதைப் பொருளோ புகையிலைப் பொருளோ கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சொல்கிறது. இதுதான் உண்மையான பல் உள்ள சட்டம். 200 ரூபாய் ரசீதுக்குப் பதில் இந்தப் பிரிவில் ஊருக்கு ஒரு வழக்குப் போட்டாலே மற்ற கடைகள் தானாக நிறுத்திவிடும். ஆனால் 2021இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த திருத்தம், மூன்று முதல் ஏழாண்டு வரை தண்டனை உள்ள இந்தச் சட்டத்தின் குற்றங்களை, போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாத வகைக்கு மாற்றிவிட்டது. இப்போது மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கினால்தான் விசாரணையே தொடங்க முடியும். 77ஆவது பிரிவும் இதில்தான் மாட்டிக்கொண்டது. குழந்தைகளைக் காக்கிற சட்டத்தில் இப்படி ஒரு பல்லைப் பிடுங்க யார் கேட்டார்கள்? டெல்லியின் குழந்தைகள் உரிமை ஆணையமே இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது.

சரி, ஏன் இந்தத் தயக்கம் என்றால், நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனியில் எல்.ஐ.சி. கையில் மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் பங்கு இருக்கிறது. ஒரு கை எச்சரிக்கைப் படம் அச்சடிக்கச் சொல்கிறது, இன்னொரு கை டிவிடெண்ட் வாங்குகிறது. இந்தியாவில் புகையிலையால் வருஷத்துக்கு 13 லட்சம் பேர் சாகிறார்கள். வியாபாரக் கண்ணோடு பாருங்க: வருஷத்துக்கு 13 லட்சம் வாடிக்கையாளர்கள் குறைகிறார்கள். அந்த இடத்தை நிரப்ப யார் வரணும்? நாற்பது வயதில் யாரும் புதிதாகப் பழகுவதில்லை தோழர்களே.

சிறு வியாபாரிகள் வயிற்றில் அடிக்கிறீர்களா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஓடி ஒளிய மாட்டோம். பெட்டிக்கடை வைத்திருப்பவர்களில் கணவரை இழந்த அக்காக்கள் இருக்கிறார்கள், மாற்றுத் திறனாளிகள் இருக்கிறார்கள், மில் மூடியதால் வேலை போனவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் நம் ஆட்கள். நெல்லை, தென்காசி, வேலூர்ப் பக்கம் பீடி சுற்றியே பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்களும் நம் ஆட்கள்தான். அவர்கள் பிழைப்பு வேறு, 12 வயதுப் பிள்ளைக்கு விற்பது வேறு. பெரியவர்களுக்கு விற்பதை யாரும் இங்கே தடுக்கவில்லை. பிள்ளைகளின் சில்லறையில்தான் கடை ஓடுகிறது என்று ஒருவர் சொன்னால், அவர் நடத்துவது கடையே இல்லை.

"நான் கொடுக்கலன்னா பக்கத்துக் கடையில வாங்கிக்குவான்" என்பதும் ஒரு பதிலா? அதனால்தான் எல்லாக் கடைக்கும் ஒரே சட்டம், ஒரே உரிமம் வேணும் என்கிறோம். புகையிலை விற்பவருக்கு உள்ளாட்சியில் தனி உரிமம் கொடுங்கள், அந்தக் கடையில் மிட்டாய், சிப்ஸ், பிஸ்கட் விற்க விடாதீர்கள் என்று 2017 செப்டம்பரிலேயே ஒன்றிய சுகாதாரத் துறை எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. ஆண்டுகள் ஓடிவிட்டன.

"அவன் அப்பாவுக்கு வாங்கிட்டுப் போறான்" என்பது இன்னொன்று. யாருக்காக இருந்தாலும் பிள்ளை கையில் கொடுத்தால் குற்றம்தான். ஆனால் இங்கே கடைக்காரரை மட்டும் திட்டினால் பாதி உண்மைதான். டீவி பார்த்துக்கொண்டே "டேய், கடைக்குப் போய் ரெண்டு சிகரெட் வாங்கிட்டு வா, மீதியை நீயே வச்சுக்கோ" என்று அனுப்புகிற அப்பாக்களே, மாமாக்களே, இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் நீங்களும் இருக்கீங்க. அந்தக் கடைக்கு வழி காட்டியதே நீங்கதான்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். இதை எழுதினால் சில பேருக்குக் கோபம் வரும், வரட்டும்.

பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிற எத்தனையோ கடைகளில் கட்சிக் கொடி பறக்கிறது. எல்லாக் கட்சிக் கொடியும் பறக்கிறது, நம் கொடியும்தான். போலீஸோ சுகாதார ஆய்வாளரோ வந்து கேட்டால் முதலில் போன் போவது வக்கீலுக்கு இல்லை, வட்டச் செயலாளருக்கு. "அண்ணே, நம்ம கடைண்ணே, ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே." அந்த ஒரு வார்த்தையில் ஏழாண்டு தண்டனைக்குரிய குற்றம் 200 ரூபாய் ஆகிறது, சில நேரம் அதுகூட இல்லாமல் போகிறது. நம் பொறுப்பாளர்களுக்கு நேரடியாகச் சொல்கிறோம்: அந்தப் போனை எடுக்காதீங்க. எடுத்தால், "அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு வித்தீங்கன்னா நான் பேச மாட்டேன்" என்று சொல்லி வைங்க. ஓட்டு போகும் என்று பயமா? அந்தத் தெருவில் கடைக்காரர் வீடு ஒன்று, பள்ளிக்குப் பிள்ளை அனுப்புகிற வீடு நாற்பது.

நம் ஆட்களே கடை வைத்திருந்தால் இந்த வாரமே போர்டை எடுத்துத் துடைத்து முன்னால் மாட்டுங்க. 100 கஜத்துக்குள் இருந்தால் சிகரெட் பெட்டியைக் கடையை விட்டே எடுத்துவிடுங்க. அதற்குப் பிறகுதான் ஊரைக் கேட்கிற உரிமை நமக்கு வரும்.

செய்ய வேண்டிய வேலை இதுதான். உங்க ஊர்ப் பள்ளியின் சுற்றுச்சுவரிலிருந்து நாலு பக்கமும் 91 மீட்டர் அளந்து, உள்ளே எத்தனை கடை என்று குறிச்சுக்குங்க. டேப் இல்லையென்றால் போன் மேப்பிலேயே அளக்கலாம். பிள்ளைகளைப் படம் எடுக்காதீங்க, அவர்களை அனுப்பி வாங்கச் சொல்லிச் சோதிக்கவும் வேண்டாம், அது தப்பு. கடையையும் போர்டையும் மட்டும் எடுங்க. கடைக்காரரிடம் முதலில் மரியாதையாகப் பேசுங்க. பாதிப்பேர் அதிலேயே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாவிட்டால் எழுத்தில் புகார் கொடுங்க. உதவி ஆய்வாளர் அந்தஸ்துக்குக் குறையாத எந்த போலீஸ் அதிகாரிக்கும் இந்தச் சட்டத்தில் சோதனை போட அதிகாரம் இருக்கிறது, "இது எங்க வேலை இல்லை" என்று சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு விற்பதாகத் தெரிந்தால் 1098க்கும் சொல்லுங்க.

கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய்க் கட்டணம்தான். மூன்று கேள்வி போதும்: கடந்த மூன்று ஆண்டில் இந்த ஸ்டேஷன் எல்லையில் கோட்பா 6ஆவது பிரிவில் எத்தனை அபராதம்? சிறார் நீதிச் சட்டம் 77ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் எத்தனை முறை அனுமதி கேட்டீர்கள்? பள்ளியைச் சுற்றி மஞ்சள் கோடு போடப்பட்டதா? பதில் வந்தால் அப்படியே நம் பக்கத்துக்கு அனுப்புங்க. பதில் வராவிட்டாலும் மனுவின் நகலை அனுப்புங்க, மேல்முறையீட்டுக்கு நம் வழக்கறிஞர் அணி உதவும்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஆகஸ்ட் 15 கிராம சபை இருக்கிறது. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கும் கடைகளை அகற்றக் கோரி, கடைகளின் இடத்தைக் குறிப்பிட்டு, தீர்மானம் கொண்டு வாங்க. பதிவேட்டில் ஏறும்வரை எழுந்து வராதீங்க.

ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளை உங்க வீட்டில் இருந்தால் அடிக்காதீங்க. அவன் குற்றவாளி இல்லை, அவனுக்கு விற்றவர்தான் குற்றவாளி. விடுவதற்கு உதவி கேட்க 1800 112 356, இலவச எண். உங்க பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

அளந்த கணக்கை இந்தப் பதிவின் கீழேயே போடுங்க: மாவட்டம், ஊர், 91 மீட்டருக்குள் எத்தனை கடை. தெரு எண், ஆள் பெயர் வேண்டாம். மாவட்டவாரியாகத் தொகுத்து, ஜூலை முதல் வாரம் ஒவ்வொரு ஆட்சியர் அலுவலகத்திலும் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கிறோம்.